எல்லோரும் உட்கார்ந்திருந்த பிளாட்பாரம்

மெடிக்கல் கடையில் மாவுக்கட்டுத் துணி எட்டுச் சுருள் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். மாதக்கணக்காக மாத்திரை, பஞ்சு, ஊசி எல்லாம் அவர் கடையில்தான். அலமாரிக்குக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, பிள்ளைக்கு மறுபடியுமா?"

"இல்ல அண்ணாச்சி. மலைக்கு."

"எந்த மலைக்கு?"

"மேக்க தெரியுதுல்லா, அந்த மலைதான். வீட்டுல செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

இது பைத்தியமா, வேடிக்கையா என்று முடிவுக்கு வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு எட்டுச் சுருளையும் பையில் போட்டு, "நனைச்சதும் சட்டுனு போட்டுரணும், இறுகிரும்" என்றார். மலைக்கும் அதுதான் விதி என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டு ஹாலில் ஆறடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை ஒன்று இரண்டு மேசைகளின் மேல் கிடக்கிறது. அதன் மேல் நீள்வட்டமாக ஒரு தண்டவாளம், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு கிளைப் பாதை, சாண் நீளத்தில் ஓர் எஞ்சின், நான்கு பெட்டிகள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது வளைகுடாவில் இருக்கும் என் தம்பி வாங்கி அனுப்பியது. தண்டவாளம் பதித்தது, அடியில் ஒயர் இழுத்தது எல்லாம் அவள். மரம், மண், மலை என்று எதுவும் அவள் வைக்கவில்லை. "வண்டி ஓடுதா, அது போதும்" என்பாள். பலகை மொட்டையாகத்தான் இருந்தது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, நகரத் தொடங்கிவிட்ட ரயிலில் ஏறப்போய் என் மகள் விழுந்தாள். கல்லூரியில் அன்று மதியம் அவளுக்குப் பரீட்சை. யாரோ ஒரு பெரியவர் பையைப் பிடித்து இழுத்ததால் பிளாட்பாரத்தின் பக்கமே விழுந்தாள் என்றார்கள். வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். கணுக்காலில் மாவுக்கட்டு. அவள் விழுந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காததால்தானோ என்னவோ, ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் ஸ்டேஷன் பக்கமிருந்து ஊதல் கேட்டால் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

மாடி ஏற முடியாதவளுக்கு ஹாலில் கட்டில் போட்டோம். மாடி அறையில் இருந்த பலகையையும் கீழே கொண்டுவரச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்தால் அவள் கண்ணுக்கு நேராகப் பலகையின் விளிம்பு. நாள் முழுக்க அந்த மொட்டைப் பலகையைப் பார்த்துக் கிடந்தவள் ஒருநாள் சொன்னாள்:

"ம்மா, இங்கன ஒரு மரம்கூட இல்ல. பாக்க ஆஸ்பத்திரி தரை மாதிரி இருக்கு. ஏதாவது நடு."

அப்படித்தான் நான் ஆரம்பித்தேன். மகிழ்ச்சியாக அல்ல. ரயில் என்ற சொல்லையே கேட்கப் பிடிக்காத நாட்கள் அவை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்து அவள் முதன்முதலாகக் கேட்ட பொருள் அது. பழச்சாறு கேட்கவில்லை, போன் கேட்கவில்லை. மரம் கேட்டாள்.

வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. என் கணவருக்குத் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம். கடையிலிருந்து வந்ததும் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவருடைய அக்கா, எனக்கு மைனி, மூன்று தெரு தள்ளி இருக்கிறார். மகளைத் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்து விட்டதில் பாதி அவர் கை. அதனால் எதையும் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொன்னார்.

"ஏட்டி, நீ படிச்சவதான? பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவதான? பாம்பு கடிச்ச வீட்டுல எவளாவது பாம்பு பொம்ம வாங்கி வைப்பாளா?"

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "வைப்பாங்களே அத்தை. நம்ம கோயில் வாசல்ல வெள்ளிப் பாம்பு வாங்கி உண்டியல்ல போடுதாங்கல்லா? நீங்களே ரெண்டு தடவ போட்டிருக்கீங்க."

மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "கால் உடைஞ்சிது, கை சிராய்ச்சிது. இவளுக்கு வாய் மட்டும் உடையல பாரு" என்றார். பிறகு என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டுப் போனார். குரல் இறங்கியது. "உன் தம்பி என்னைக்கு இந்தப் பெட்டிய அனுப்பிச்சானோ, அன்னைக்குப் பிடிச்சது. நடுவீட்டுல வட்டம் போட்டு வட்டம் போட்டு ரயிலு ஓடுனா எந்தப் பிள்ளைக்குத்தான் ஆகும்? மூட்டை கட்டி எவனுக்காவது குடுத்துருங்க. காலேஜும் போதும். வீட்டுல இருந்தே தபால்ல படிக்கட்டும். நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகப்போற பிள்ள."

நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பொம்மை ரயிலின் மேல் பழி விழுவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் மரம் நடுவதை நிறுத்தவில்லை.

நான் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. முதலில் செய்தது வேம்பு. பக்கத்துத் தறிக்கூடத்தில் கழிவு நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அள்ளி வந்து பச்சைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினேன். காய்ந்த துளசிக் குச்சி கிளைபிரிந்து நிற்பது மரம் மாதிரியே இருக்கும். அதில் பசை தடவி நூல்பொடியில் புரட்டினால் மரம். டீத்தூள் சக்கையை மாடியில் காயவைத்து மண் ஆக்கினேன். ஜல்லிக்கு கிரஷர் தூசு. காப்பி வடிகட்டியில் மூன்று முறை சலித்தேன். உடைந்த குடையின் கம்பிகள் மின்கம்பங்கள் ஆயின. பழைய தறி மோட்டாரின் செம்புக் கம்பி இழைகள் மேலே ஓடும் மின்சார வயர். மேற்கு ஓரத்தில் தெர்மோகோல் துண்டுகளை அடுக்கி, மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்தி மலை.

மகள் கட்டிலில் இருந்தபடி மேற்பார்வை பார்த்தாள்.

"ம்மா, லைன் ஓரத்துல பச்சப் பசேல்னு என்னது இது? கேரளாவா?"

"புல்லு."

"நம்ம ஊர்ல எங்கன இருக்கு அவ்வளவு புல்லு? மழை பெஞ்ச மறுநாள் மட்டும் பத்து நிமிஷம் இருக்கும். எடு அதை."

எடுத்தேன். எருக்கு வைத்தேன். வெளிறிய இலைக்குப் பச்சையில் கொஞ்சம் விபூதி கலந்தேன். ஆவாரைக்கு மஞ்சள்தூள். வேலிக்கருவை புதர் புதராக. வருடக்கணக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து போன அவளுக்கு எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தப் புதர் என்பது வரை தெரிந்திருந்தது. இலைக்கும் பூவுக்கும் லத்தீன் பெயர் சொல்லத் தெரிந்த எனக்கு அது தெரியாது. எஞ்சின் ஓட்டுபவருக்கு ஊதச் சொல்லும் மஞ்சள் பலகை, கிலோமீட்டர் கல், சரளை ஓரத்தில் அடுக்கிய பழைய கட்டைகள் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல வைத்தேன்.

பசைக்கு மைதா காய்ச்சினேன். எங்கள் அப்பா வீட்டில் எதை ஒட்டவும் மைதாதான். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியைப் பரப்பி, மேலே பசையைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். மறுநாள் காய்ந்து, அச்சு அசலாக ரயில் பாதை. சுவிட்சைப் போட்டால் எஞ்சின் அசையவில்லை. மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது என்பதும், பசை மூடினால் போகாது என்பதும் அப்போதுதான் தெரியும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விபத்துக்குப் பின் முதல் முறை. "இந்த வண்டி இனி யாரையும் தள்ளாது ம்மா, நீயே கட்டிப் போட்டுட்ட."

மூன்று நாள் பள்ளி ரப்பரால் தண்டவாளத்தைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உலோகம் வெளியே வந்தது. நான்காம் நாள் வண்டி ஓடியது.

பிளாட்பாரம் கடைசியாகத்தான். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு மரச்சட்டத்தில் செய்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து, ஊர்ப் பெயர்ப் பலகையை எழுதினேன். அடுத்து ஆட்கள். மெல்லிய கம்பியை வளைத்து அதில் தறி நூலைச் சுற்றினால் ஆள். சிவப்பு நூல் சுற்றினால் சேலை கட்டிய பெண், வெள்ளை சுற்றினால் வேட்டிக்காரர். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பதின்மூன்று பேர் செய்தேன். ஒட்டிவிட்டு, எனக்கே பிடித்துப்போய், இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் அப்போது ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். பலகையைச் சுற்றி வந்து பிளாட்பாரத்தின் முன் நின்றாள்.

"என்னம்மா இது? எல்லாரும் உக்காந்திருக்காங்க?"

"வண்டி வர நேரமிருக்கு."

"வண்டி வந்து நிக்குது. ஒருத்தராவது ஏற வேண்டாமா? அந்த டீக்காரர்கூட உக்காந்துட்டாரு. அவருக்கு என்ன, மூட்டு வலியா?"

"நல்லாத்தான இருக்கு?"

"அத்தனை பேரும் செவுத்தோட செவுரா ஒட்டிக்கிட்டு. பிளாட்பாரத்துல வெள்ளம் வந்த மாதிரி இருக்கு." பிறகு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஒரு ஆளையாவது எந்திரிக்க வை. ஓடி வந்து ஏறுத மாதிரி ஒருத்தி."

"ஓடக் கூடாது."

"எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க, சில நாளு."

"என் பிளாட்பாரத்துல யாரும் ஓட மாட்டாங்க. கேட்டுட்டு நிக்காத, போய் உக்காரு."

"நான் மட்டும் ஆசைப்பட்டா ம்மா ஓடுனேன்?" என்றாள்.

சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, விடு" என்று கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். ஏழு மாதத்தில் அவள் அதைத் தொட்டது அந்த ஒரு முறைதான்.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிந்தி வரும் வண்டி அது. எட்டரைக்கே அவள் கிளம்பி வாசலில் நின்றாள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். பரீட்சைக்குப் போகிற பிள்ளை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒன்பதாகட்டும் மக்கா, ஆட்டோல பத்து நிமிஷம்தான்" என்றேன். அவள் சண்டை போட்டாள். கெஞ்சினாள். ஒன்பது ஆயிற்று. காலண்டரும் கடிகாரமும் ஒத்துக்கொண்டன. அப்போதும் நான் விடவில்லை. எதற்கும் ஐந்து நிமிடம் தள்ளிப் போகட்டும் என்று நிறுத்தினேன். அந்த ஐந்து நிமிடத்தை எந்தப் பஞ்சாங்கமும் கேட்கவில்லை. அது என்னுடையது.

கணவர் அன்று எட்டு மணிக்கே கடைக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஏன் லேட் என்று கேட்டபோது, வலியில் முனகிக்கொண்டே என் மகள் சொன்னாள்: "ஆட்டோ கிடைக்கல." என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

அதற்குப் பிறகு, ஆட்டோவைத் திட்டினார்கள், ரயிலைத் திட்டினார்கள், என் தம்பி அனுப்பிய பொம்மையைத் திட்டினார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மரம் நட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் அடுத்த பருவம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கணவர் தபால்வழிக் கல்விக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். மைனியும் வந்திருந்தார். மகள் பேனாவை வாங்க மறுத்தாள்.

"நான் ரயில்லதான் போவேன். பஸ்ல படி உயரம், கால் தூக்க முடியாது. ரயில்ல நின்னு ஏறலாம்."

"நின்னு ஏறுன லட்சணத்தத்தான் பாத்தோமே" என்றார் கணவர். கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். நான் தலையாட்டியிருந்தால் அன்றே கையெழுத்து விழுந்திருக்கும். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், அப்போதும்.

மைனி பலகைப் பக்கம் கையைக் காட்டினார். "மொதல்ல அந்தச் சனியன அப்புறப்படுத்துலே. அது வந்தப்புறம்தான் எல்லாம்."

"அதில்ல மைனி" என்றேன். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பிடித்து நின்றது, ஒன்பது மணி, அதற்கு மேல் ஐந்து நிமிடம். ஆட்டோ வாசலில் காத்து நின்றது என்பதையும் சொன்னேன். கணவர் விண்ணப்பத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

மைனி அசரவில்லை. "அதுக்கென்ன இப்ப? நல்லதுக்குத்தான செஞ்ச. ராகுகாலம் கழிச்சுப் போனதாலதான் காலோட போச்சி. ராகுகாலத்துக்குள்ள போயிருந்தா உசுரே போயிருக்கும்."

இத்தனை மாதம் நான் எனக்கே சொல்லிக்கொள்ள முயன்ற வாக்கியம் அது. வேறொருவர் வாயில் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"ராகுகாலத்துக்குள்ள போயிருந்தா அரை மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருப்பா மைனி. புக்கைப் புரட்டிக்கிட்டு, மிச்சரு தின்னுக்கிட்டு உக்காந்திருப்பா. வண்டி வந்து நின்னதும் நடந்து போய் ஏறியிருப்பா. அவள ஓட வச்சது ரயிலு இல்ல, ராகு இல்ல. அவ அம்மா."

வாசலில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"அவ காலேஜுக்குப் போவா. ரயில்லதான் போவா" என்றேன். "இந்தப் பலகையும் இங்கனதான் கிடக்கும். யாருக்குப் பிடிக்கலையோ அந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்."

கணவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மைனி மட்டும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "படிச்ச திமிரு" என்றார். முதல் முறையாக அதை ஒரு பட்டமாக வாங்கிக்கொண்டேன்.

கல்லூரி திறந்தது புதன்கிழமை. புதனுக்கு ராகுகாலம் மதியம்தான். அந்த வகையில் எதிர்த்து நிற்க எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். முந்தின நாள் மைனியிடமிருந்து போன். "ஏட்டி, கோவமெல்லாம் அங்கிட்டு வை. புதன்கிழமை ஏழரை டு ஒன்பது எமகண்டம். பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

எமன் பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. இரவு காலண்டரை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். நான் ஒன்றும் பகுத்தறிவுக்காரி ஆகிவிடவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு கணக்கு: வீட்டில் நின்று பயப்படுவதை ஸ்டேஷனில் உட்கார்ந்து பயப்படலாம்.

எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. எமகண்டத்தின் நட்டநடுவில் வாசலைத் தாண்டினோம். கணவர் கடைக்குப் போகாமல் படியில் நின்று, "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று மகளிடம் இரண்டு முறை கேட்டார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். நான் எதிர்ப்பக்க வேலியோரம் எருக்கைப் பார்த்தேன். நான் வைத்த நிறம் தப்பு, இன்னும் வெளுப்பு. அதை அவளிடம் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சிதே" என்றாள்.

வண்டியின் ஊதல் தொலைவில் கேட்டது. என் கையில் கீழே வைக்க எதுவுமில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி வந்து முழுதாக நின்றது. அவள் எழுந்து நடந்தாள். நான் கூடவே போனேன். "தொடாத ம்மா" என்றாள். தொடவில்லை. ஊன்றுகோலை உள்ளே வைத்து, கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் தூக்கி, பிறகு மற்றதை. கீழே இருந்த அந்த இடைவெளியை நான் குனிந்து பார்த்தேன். ஒரு சாணுக்குள்தான். சரளைக்கல்லும் ஒரு பிஸ்கட் உறையும் கிடந்தன.

ஏறியவள் திரும்பி வாசலிலேயே நின்று கையாட்டினாள்.

"வாசல்ல என்னட்டி நிக்க? உள்ள போ!" என்று கத்தினேன். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "போய் உக்காரு மொதல்ல!"

"போறேன், போறேன். ஊரைக் கூட்டாத."

உள்ளே போனாள். ஜன்னலோர இருக்கை கிடைத்ததா என்று வண்டி நகரும்வரை எனக்குத் தெரியவில்லை. நகர்ந்தபோது மூன்றாவது ஜன்னலில் அவள் முகம் போயிற்று. என்னைப் பார்க்கவில்லை. வெளியே ஓரத்துப் புதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த இடத்திலேயே, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவாள். நாளையும் போவாள்.